வேலிச் செம்பருத்தியும் கொஞ்சம் இஞ்சியும்

காவேரிப்பட்டணம்
மே மாதம், ஞாயிறு

அன்புள்ள சீனிவாசா,

உன் கடிதமும் பார்சலும் வந்து சேர்ந்தன. பேத்திக்கு மொட்டை போட்ட படத்தை வீட்டில் எல்லோரும் பார்த்தோம். அப்படியே உன் அம்மா ஜாடை. இங்கே அனைவரும் சௌக்கியம். மாந்தோப்பில் காய்ப்பு சுமார்தான். பூ நன்றாகப் பிடித்தது, அப்புறம் அடித்த வெயிலில் பிஞ்சாகக் கொட்டிவிட்டது. பெங்களூரா ரகம் மட்டும் தாங்கி நிற்கிறது. மாங்கூழ் ஃபேக்டரிக்காரர்கள் இன்னும் விலை சொல்லவில்லை. அவர்கள் சொன்ன விலையைக் கேட்டு நாம் சந்தோஷப்பட்ட வருஷம் ஏதாவது இருந்தால் எனக்கு எழுது.

சரி, பார்சலுக்கு வருகிறேன். "செம்பருத்தி டீ, பிரஷருக்கு நல்லது, பாக்கெட் தீர்ந்தால் உன் வேலியில் இருப்பதைப் பறித்துப் போடு" என்று எழுதியிருக்கிறாய். பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருப்பது வேலிச் செம்பருத்தி இல்லையப்பா. அதில் இதழே கிடையாது. பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றிச் சதைப்பற்றோடு சிவப்பாக நிற்குமே புல்லி, அதைக் காயவைத்தது. செடி நம்ம புளிச்சக்கீரை இனம். ஒன்றை வாயில் போட்டு மென்றேன், களிக்குக் கடைகிற கீரையின் அதே புளிப்பு. எகிப்தில் இதைக் கர்கதே என்றும் செனகலில் பிஸாப் என்றும் குடிக்கிறார்கள். ஜமைக்காவில் கிறிஸ்துமஸ் வந்தால் இதில் இஞ்சி தட்டிப் போட்டு ஊறவைப்பார்கள். ஆக, இஞ்சி சேர்ப்பது நம் கண்டுபிடிப்பு இல்லை.

நீ படித்த பிரஷர் சமாசாரமும் இந்தப் புளிச்சைக்காரனுடையதுதான். 2010இல் அமெரிக்காவில் வந்த ஆய்வு ஒன்றில், லேசாக ரத்த அழுத்தம் கூடியவர்களுக்கு நாளுக்கு மூன்று கப் வீதம் ஆறு வாரம் கொடுத்திருக்கிறார்கள். மேல் அளவு சுமார் 7 புள்ளி இறங்கியிருக்கிறது. அது மாத்திரைக்கு மாற்று என்று யாரும் சொல்லவில்லை. நீயோ மாத்திரை போடுகிறவன். இரண்டும் சேர்ந்து இறக்கினால் தலை சுற்றும். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் குடி. வேலிச் செம்பருத்தியை நான் மருந்தாக நினைத்துப் போடுவதில்லை. மத்தியானம் தோப்பிலிருந்து வந்ததும் தொண்டைக்கு இதமாக ஏதாவது வேண்டும், கலர் பாட்டில் வாங்க மனசு வருவதில்லை, அவ்வளவுதான்.

செய்முறை கேட்டிருந்தாயே, அதைச் சொல்கிறேன். ஐந்து இதழ் உள்ள ஒற்றைச் சிவப்புதான் வேண்டும். அடுக்குச் செம்பருத்தி பார்க்க அழகு, ஆனால் அந்த மடிப்புகளுக்குள் எறும்பும் மாவுப்பூச்சியும் குடியிருக்கும், கழுவி மாளாது. பூ ஒரு நாள் ஆயுசுதான், அதனால் காலையில் விரிந்ததும் பறித்துவிடு. பச்சைக் காம்பையும் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தண்டையும் கிள்ளி எறிந்துவிட்டு இதழை மட்டும் எடு. நர்சரியிலிருந்து புதிதாக வாங்கிய செடியாக இருந்தால் அதன் பூவைத் தொடாதே, என்ன மருந்து அடித்தார்களோ.

ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்துப் பன்னிரண்டு பூ, ஒரு விரல் நீள இஞ்சி. இஞ்சியைத் தோல் சீவித் தட்டி, தண்ணீரில் போட்டு ஐந்து நிமிஷம் கொதிக்கவிடு. காரம் தூக்கலாக வேண்டுமானால் சாறு பிழிந்து கடைசியில் சேர்க்கலாம். அப்போது சாற்றைச் சற்று நேரம் தெளியவிட்டு, அடியில் தங்கும் வெள்ளை வண்டலை விட்டுவிடு. எங்கள் ஆத்தா அதைச் சுண்ணாம்பு என்பாள், உண்மையில் அது இஞ்சியின் மாவு. கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு இதழைப் போட்டு மூடு. இதுதான் முக்கியம். பூவையும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் கொழகொழவென்று ஆகிவிடும். அந்தக் கொழகொழப்பு தலைமுடிக்கு ஆகும், தொண்டைக்கு ஆகாது. பத்து நிமிஷத்தில் இதழ் வெளுத்து, தண்ணீர் ஊதாவாகியிருக்கும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், எவர்சில்வர் போதும்.

வடிகட்டி ஆறவைத்து எலுமிச்சை பிழி. நம் செம்பருத்தியில் பாக்கெட் சரக்கு மாதிரி புளிப்பு கிடையாது, வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். சாறு விழுந்த இடத்திலிருந்து ஊதா கலைந்து பளீரென்று சிவப்பாகும். பெரியவன் பிள்ளைகள் லீவுக்கு வந்தபோது இதைப் பார்ப்பதற்கென்றே டம்ளரைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். பூவில் இருக்கும் நிறச்சத்து புளிப்பில் சிவக்கும், அதற்கு எதிரான காரத்தன்மையில் நீலம் பாயும். இங்கே போர் தண்ணீரில் போட்டால் மங்கலான நீலமாக நிற்பதும் அதனால்தான். பாத்திரத்தில் வெள்ளை படிய வைக்கிற தண்ணீர் அல்லவா? குடிக்கிறதற்கு நான் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைத்தான் எடுக்கிறேன். 2013இல் அந்தக் குடிநீர்த் திட்டம் வந்தது இங்கே நிலத்தடித் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பதற்காகத்தான். கொதிக்கவைத்தால் ஃப்ளூரைடு போய்விடும் என்று இங்கே இன்னும் சிலர் நம்புகிறார்கள். போகாது.

இப்போது எலுமிச்சை விற்கிற விலைக்கு நான் மாங்காய்க்கு மாறிவிட்டேன். காற்றில் விழுந்த நாட்டு மாங்காய் ஒன்றைச் சீவி, இஞ்சியோடு சேர்த்துக் கொதிக்கவைத்துவிட்டு அப்புறம் பூவைப் போடுகிறேன். தண்ணீரில் முன்பே புளிப்பு இருப்பதால் இதழ் விழுந்ததும் சிவப்பாகவே இறங்குகிறது, நிறம் மாறும் வேடிக்கை கிடையாது. பிள்ளைகளுக்கு இதில் ஏமாற்றம். ருசியில் என் ஓட்டு மாங்காய்க்குத்தான். பெங்களூராவில் அந்தப் புளிப்பு வராது, போட்டுப் பார்க்காதே.

இனிப்புக்குக் கடத்தூர் வெல்லம் போட்டால் ருசி தனி, நிறம் மட்டும் பழுப்பாகிவிடும். விருந்தாளி வந்தால் சர்க்கரை, நமக்கு வெல்லம் என்று வைத்திருக்கிறோம். ஒரு சிட்டிகை உப்பும் சேர். ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். கூடக் கடிக்க நிப்பட்டு, அதாவது தட்டை, இருந்தால் சாயங்காலம் காபியே தேவைப்படாது. என் மனைவி இதை ஒப்புக்கொள்ள மாட்டாள், அவள் காபி அவளுக்கு.

உங்கள் வீட்டில் மாசமாக இருக்கும் மருமகளுக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதே. பாக்கெட் சரக்கோ வேலிப் பூவோ, இரண்டுக்கும் இதுதான்.

ஆனி முதல் முகூர்த்தத்தில் என் தங்கை மகன் கல்யாணம், பர்கூரில். பத்திரிகை தனியாக வரும். நீ முந்தின நாளே வந்துவிடு, தோப்பிலேயே படுக்கலாம். வரும்போது பாக்கெட் எதுவும் வாங்காதே. உங்கள் ஊர் பனியன் அரை டஜன், 95 சைஸ், கை வைத்தது கொண்டு வா. காசு கொடுத்துவிடுகிறேன், போன தடவை மாதிரி வேண்டாம் என்று அடம் பிடிக்காதே.

அன்புடன்,
கோவிந்தன்