70 வயது அட்டை: எடுப்பதா, வேண்டாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மருத்துவமனைச் சிகிச்சைக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் மத்திய அரசின் காப்பீட்டு அட்டையான ‘ஆயுஷ்மான் வய வந்தனா’ ஏழைகளுக்குத்தான் என்று நினைத்து, சேலத்தில் ஓய்வூதியர் பலர் ஒதுங்கி நிற்கிறார்கள். 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கிய இத்திட்டத்துக்கு 70 வயது நிறைந்திருந்தால் போதும். வருமானம் கேட்பதில்லை, பிரீமியமும் இல்லை. சர்க்கரை, இதய நோய் முன்பே இருந்தாலும் காத்திருப்புக் காலம் கிடையாது. தனியார் பாலிசி, இஎஸ்ஐ உள்ளவர்களும் தாராளமாகச் சேரலாம்.

நிதானிக்க வேண்டியவர்கள் முன்னாள் ராணுவத்தினரும் மத்திய அரசு ஓய்வூதியர்களும்தான். முன்னாள் ராணுவத்தினருக்கான இசிஎச்எஸ் அல்லது மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கான சிஜிஎச்எஸ் மருத்துவத் திட்டம் இருந்தால், அதுவா இதுவா என்று ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். அவற்றில் வெளிநோயாளி சிகிச்சையும் மாத மாத்திரையும் கிடைக்கும். வய வந்தனாவோ மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான் உதவும்; அதற்கு முந்தைய 3 நாள், பிந்தைய 15 நாள் செலவு மட்டும் சேரும். மாதாமாதம் பிரஷர், சுகர் மாத்திரை வாங்குபவர் பழையதை விட்டுவிடுவது நஷ்டம் என்றே சொல்வோம்.

இன்னொன்று: ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்பது ஆளுக்கு அல்ல. வீட்டில் 70 கடந்த இருவர் இருந்தால் இருவருக்கும் சேர்த்துத்தான். தாத்தாவின் அறுவைச் சிகிச்சைக்கு 3 லட்சம் போனால், பாட்டிக்கு அந்த ஆண்டு மிஞ்சுவது 2 லட்சம்.

பதிவுக்கு ஆதார் ஒன்றே போதும். சிக்கலும் அதில்தான். ஆதாரில் இருப்பது, பேரன் எப்போதோ மாற்றிவிட்ட பழைய செல்போன் எண்ணாக இருந்தால் ஓடிபி வராது. ஏற்காட்டில் ஆண்டுக்கணக்காகக் காபி பறித்த கைகளில் விரல்ரேகை தேய்ந்துபோயிருக்கும். கருவியில் எத்தனை முறை அழுத்தினாலும் ஏற்காது. அப்போது திரும்பி வந்துவிட வேண்டாம். கருவிழி, முகப்பதிவு வழிகளும் உண்டு. கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். பிறந்த ஆண்டு ஆதாரில் தவறாக இருந்தால் அதை முதலில் திருத்த வேண்டும், வயதுக்கு அதுதான் கணக்கு.

மருத்துவமனையின் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று நம்பிப் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது. இதய சிகிச்சைக்கு அனுமதி பெற்ற இடத்தில் மூட்டு மாற்றுக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். உங்கள் சிகிச்சைக்கு இந்த அட்டை செல்லுமா என்று காப்பீட்டுப் பிரிவில் கேட்டு, முன் ஒப்புதல் வந்த பிறகே அறுவைச் சிகிச்சைக்குத் தேதி வாங்குங்கள். கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு பில்லைக் காட்டிப் பணம் வாங்கும் திட்டம் அல்ல இது. பணம் கேட்டால் 14555-இல் புகார் சொல்லலாம்.

மலைக் கிராமங்களுக்கு முகப்பதிவு வசதியோடு பதிவு முகாம் அனுப்ப மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். எழுபது வயதுக்காரரைப் பேருந்தில் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கி ஏற்றுவது நியாயமல்ல.

– வாசகர்கள் சிலர், அஸ்தம்பட்டி, சேலம்