கொள்ளிடத்துப் படகுக்கு எந்த மோட்டார்?

தடா
பொங்கல் கழிந்த வாரம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்த செய்தியில் வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. இங்கே பழவேற்காடு ஏரிக்கு இந்த ஆண்டும் பூநாரைகள் வந்துவிட்டன. என் மூட்டுவலி பழையபடிதான்.

படகு விஷயத்துக்கு வருகிறேன். உன் 14 அடி ஃபைபர் படகுக்கு 15 குதிரைசக்தி மோட்டார் வேண்டும் என்று கடைக்காரர் சொன்னாராம். அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதே. நீரை விலக்கிக்கொண்டு போகும் படகின் வேகத்துக்கு அதன் நீளமே எல்லை கட்டுகிறது. 14 அடிக்கு அது மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர். அதற்கு மேல் போக வேண்டுமானால் படகு நீர்மேல் எழும்பிச் சறுக்க வேண்டும். 15 குதிரைசக்தி அதற்குத்தான். மாலையில் பேத்தியை மடியில் வைத்து உலாவப் போகிறவனுக்கு அந்த வேகம் எதற்கு? வேகத்தைப் பாதியாக்கினால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சிக்கனம் அங்கேதான் இருக்கிறது. 2017-இல் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய ‘ஆதித்யா’ சூரியசக்திப் படகு 75 பேரை ஏற்றிச் செல்கிறது. அதன் இரண்டு மோட்டார்களும் சேர்ந்து 40 கிலோவாட்தான், அதாவது சுமார் 54 குதிரைசக்தி.

பேட்டரி மோட்டார் பற்றிக் கேட்டிருந்தாய். சத்தமில்லை, புகையில்லை, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆனால் கணக்கைப் பார். 55 பவுண்டு உந்துவிசை என்று விற்கும் 12 வோல்ட் மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் வரை இழுக்கும். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆக, ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. லித்தியம் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு நெருங்கி ஓடும். எடையும் பாதிதான், விலைதான் கூடுதல். அலையில்லாத குளத்துக்கும் வாய்க்காலுக்கும் அது நல்ல துணை. உன் ஊரிலோ கொள்ளிடம் கடலில் சேர்கிறது. கடல் இறங்கும் நேரத்து வற்றநீர் கடலை நோக்கி இழுக்கும்போது எதிர்காற்றும் சேர்ந்தால் ஒரு குதிரைசக்திகூட இல்லாத அந்த மோட்டார் உன்னைக் கரை சேர்க்காது.

எங்கள் ஏரி பல இடங்களில் இடுப்பளவு ஆழம்கூட இல்லாதது. இப்படிப்பட்ட நீருக்கு நீளத்தண்டு மோட்டார்தான் சரி. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பெட்ரோல் எஞ்சினில் நீண்ட இரும்புத் தண்டைப் பூட்டி, அதன் நுனியில் விசிறியை மாட்டுவார்கள். சேறோ புல்லோ வந்தால் கைப்பிடியை அழுத்தினால் போதும், விசிறி நீருக்கு மேலே வந்துவிடும். காற்றால் குளிரும் எஞ்சின் என்பதால் உப்புநீர் உள்ளே போகாது. படகின் பின்பலகையில் மாட்டும் சாதாரண வெளிமோட்டார் குளிர்வதற்கு ஏரி நீரையே உறிஞ்சும். சேற்றை உறிஞ்சினால் அடைத்துக்கொண்டு சூடேறிவிடும். நீளத்தண்டின் குறை அதன் இரைச்சல். பறவைகள் இருக்கும் பக்கம் அதைக் கொண்டுபோக மனம் வராது.

உனக்கு என் யோசனை, பழைய 4 அல்லது 5 குதிரைசக்தி நான்கு-ஸ்ட்ரோக் வெளிமோட்டார். இரண்டு-ஸ்ட்ரோக் மலிவாகக் கிடைக்கும், எடையும் குறைவு. ஆனால் பெட்ரோலை அதிகம் குடிக்கும். வாங்கும் முன் கியர்ப் பெட்டியின் அடித் திருகைத் தளர்த்தி எண்ணெயைப் பார். பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. பெரும்பாலும் மீன்வலை நைலான் விசிறித் தண்டில் சுற்றி, நீர் புகாமல் தடுக்கும் ‘சீல்’ வளையத்தை அறுத்திருக்கும். அதை வாங்காதே. வாங்கிய பிறகு, ஒவ்வொரு முறை ஓட்டிவிட்டு வந்ததும் நல்ல தண்ணீரில் சிறிது நேரம் ஓடவிட்டு உப்பைக் கழுவிவிடு.

மிச்சமாகும் பணத்தில் முதலில் உயிர்காப்பு உடைகள் வாங்கு. பேத்திக்கு அவள் அளவிலேயே ஒன்று. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அடுத்ததாக ஒரு ஜோடி துடுப்பு. மோட்டார் நின்றுபோனால் கரைக்குத் திரும்ப அதுதான் வழி.

படகின் பின்பலகை உயரத்தை அளந்து எழுது. 15 அங்குலம் என்றால் குட்டைத் தண்டு, 20 என்றால் நெட்டைத் தண்டு. அது தெரிந்தால் இங்கே எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் சொல்லித் தேடச் சொல்கிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

என்றும் உன்
நண்பன்