கரணச் சிற்பங்களைச் சுவரோடு சேர்த்தே காட்ட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சைப் பெரிய கோயிலில் கரணம் எனும் நடன அசைவுகளைக் காட்டும் சிற்பங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றை நாட்டிய இலக்கணத்துக்கான படவிளக்கமாகவே கொள்கிறார்கள். நூல்களிலும் இதழ்களிலும் ஒவ்வொரு சிற்பமும் சுற்றியுள்ள சுவரிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனிப்படமாகவே அச்சாகிறது. அவை கட்டடத்தின் எந்த இடத்தில், எந்த வரிசையில் அமைந்துள்ளன என்பதும் அதே அளவுக்குக் கவனிக்கத்தக்கது.

முதலாம் இராசராசன் 1010ஆம் ஆண்டில் கட்டி முடித்த அக்கோயிலில் கருவறையை இரண்டு சுவர்கள் சூழ்ந்துள்ளன. அவற்றுக்கு நடுவே ஒடுங்கிய சுற்றுப்பாதை இரு தளங்களாக அமைந்திருக்கிறது. கீழ்த்தளத்தில் சோழர் கால ஓவியங்கள் உள்ளன. மேல்தளத்தில், நாட்டிய சாத்திரம் கூறும் 108 கரணங்களுள் 81, சிவபெருமானே நான்கு கரங்களுடன் ஆடுவதாகச் செதுக்கப்பட்டுள்ளன. கரணம் என்பது கையும் காலும் இயைந்து நிகழ்த்தும் அசைவு என்பதையும், சிற்பத்தில் நாம் காண்பது அந்த அசைவின் ஒரு கணமே என்பதையும் ஆய்வாலும் ஆட்டத்தாலும் எடுத்துக்காட்டியவர் நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியம். கல்லில் நின்றுபோன அந்த அசைவுக்குத் தொடர்ச்சி தருவது, முதல் கரணமான தலபுஷ்பபுடம் தொடங்கி வரிசையாய் அவற்றைப் பார்த்தபடி வலம் வருபவரின் நடையே என்பது என் துணிபு. பாதை நேராக இருந்திருந்தால் இந்த அனுபவம் வாய்த்திராது.

எஞ்சிய 27 இடங்களில் செதுக்கப்படாத கற்கள் அப்படியே நிற்கின்றன. கற்களை முதலில் சுவரோடு சேர்த்துக் கட்டிவிட்டு, பின்னரே சிற்பிகள் அந்த இடுக்கில் நின்று உளி பிடித்தார்கள் என்று கொள்ள இவை இடம் தருகின்றன. ஆடும் உடலைச் செதுக்கியவரின் உடலுக்கும் அந்தச் சுவர்களே எல்லையாக இருந்திருக்கின்றன.

சிதம்பரத்தில் அமைப்பு வேறு. அங்கே கோபுர வாயிலின் இருபுறமும் நாட்டியப் பெண்ணின் கரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் உரிய சுலோகங்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வாயிலைக் கடக்கும் எவரும் அண்ணாந்து பார்த்தால்தான் மேல்வரிசை தெரியும். எங்கள் ஊர்ச் சாரங்கபாணி கோயில் கோபுரத்திலும் கரணங்கள் உண்டு. அவற்றை நிமிர்ந்து பார்ப்பவர்கள்தாம் குறைவு.

தஞ்சையின் மேல்தளம் பொதுமக்கள் பார்வைக்கு வழக்கமாகத் திறக்கப்படுவதில்லை. ஒடுங்கிய அந்தப் பாதை கூட்டத்தைத் தாங்காது என்பதால் இக்கட்டுப்பாடு நியாயமானதே. ஆயினும் அந்தச் சுற்றுப்பாதையை அதே அகலத்திலும் உயரத்திலும், செதுக்கப்படாத கற்கள் உட்பட, முழு அளவு மாதிரியாகத் தஞ்சையிலேயே அமைத்தால் மாணவர்களும் நடனம் பயில்வோரும் அதனுள் நடந்து பார்க்க இயலும். தொல்லியல் துறையினர் இதைப் பரிசீலிக்க வேண்டும். தங்கள் நாளிதழும் இனிக் கரணப் படங்களை வெளியிடும்போது, அச்சிற்பம் பாதையின் எப்பகுதியில் உள்ளது என்பதைக் காட்டும் சிறு வரைபடத்தையும் உடன் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கும்பகோணம்.