பள்ளிக்கூடத்துப் பின்கட்டு

அன்புள்ள மெய்யப்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமானதில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, காலையில் ஊருணி வரை நடக்கிறேன்.

சரி, நம் பள்ளிக்கூடத்துச் செய்திக்கு வருகிறேன். பழைய மாணவர்கள் சேர்ந்து கட்டடத்தைப் பழுது பார்க்கப் போகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் சுவரெல்லாம் கொத்திச் சிமெண்ட் பூசுவது, பின்கட்டைப் பிரித்துக் கான்கிரீட் போடுவது என்று பேச்சு. கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை.

மழை விட்டதும் போய்ப் பார்த்தேன். முன்பு ஒருமுறை சிமெண்ட் பூசின அடிச்சுவர் முழுக்க உப்புப் பூத்து உதிர்கிறது. பக்கத்துச் சுவரில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் விட்டு அரைத்த சாந்து, மேலே முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பூச்சு. இன்றும் கன்னம் மாதிரி வழவழவென்று இருக்கிறது. தரையிலிருந்து ஏறுகிற ஓதத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும், சிமெண்ட் உள்ளேயே அடைத்துவிடும். பொதுப்பணித் துறையில் இருந்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் அந்தக் கூரை. முன்கட்டில் பர்மாத் தேக்கு, பின்கட்டில் பனங்கை, அதாவது பனைமரத்தில் அறுத்த சட்டம். கொண்டுவிக்க என்று கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் ரங்கூனிலிருந்து அனுப்பிய பணத்தில் தொடங்கிய வேலை அது. 1942ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் பணமும் நின்றது, மரமும் நின்றது. எத்தனையோ பேர் கடையையும் கணக்கையும் போட்டுவிட்டுக் காட்டுவழியே நடந்து ஊர் திரும்பினார்கள். அந்த நிலைமையிலும் நம் ஊரார் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விடவில்லை. கண்மாய்க்கரைப் பனைகளை வெட்டி, நாட்டு ஓடு வேய்ந்து முடித்தார்கள். 1947ல் வள்ளல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி தொடங்கியதை நாம் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் கையில் காசில்லாதபோது கட்டிய இந்தப் பின்கட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அந்தத் தேக்கைவிட இந்தப் பனங்கைதான் பெரிது. அதைப் பிரிக்க விடக்கூடாது.

கரையான் அரித்த பனங்கைகளை மட்டும் மாற்றினால் போதும் என்று நம் ஊர்த் தச்சரே சொல்கிறார். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் ஆத்தங்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். நாள் கூடுதலாகும், கூலியும் கூடும். என் பங்கை நான் தருகிறேன்.

தை மாதம் கூட்டம் போடுகிறார்கள். பொங்கல் கழிந்த முதல் செவ்வாயன்று வைக்கும் செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டைக்கு வருவாய் அல்லவா, அப்படியே இரண்டு நாள் தங்கி, கட்டடத்தைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தில் பேசு. நான் சொன்னால் பழங்கதை என்பார்கள், இன்ஜினியர் சொன்னால் கேட்பார்கள். வரும் தேதியை முன்னாலேயே எழுது, மச்சுப்படி ஏற வேண்டாத அறையை ஒழித்து வைக்கிறேன்.

அன்புடன்,
சொக்கலிங்கம்