மெட்டின் முதல் பெயரையும் அச்சிடுங்கள்

அமெரிக்கப் பழைய பாணி ஃபிடில் (வயலின்), பாஞ்சோ (தோல் போர்த்திய தந்தி வாத்தியம்) விழாக்களை நடத்துவோருக்கும் மெட்டுத் தொகுப்புகள் வெளியிடுவோருக்கும்,

வணக்கம். ‘டர்க்கி இன் தி ஸ்ட்ரா’ மெட்டுக்கு மேலே பல தொகுப்புகளில் ‘மரபு மெட்டு’ என்று மட்டும் இருக்கிறது. இதே மெட்டு 1834-ல் ‘ஜிப் கூன்’ என்ற பாட்டாக அச்சேறியது. வெள்ளைக்காரர்கள் முகத்தில் தக்கைக் கரியைப் பூசிக்கொண்டு, நாகரிகமாக உடுத்திய கறுப்பினத்தவரைக் கேலி செய்து பாடியது. ‘மரபு’ என்ற ஒரே சொல் இதை மூடி மறைத்துவிடுகிறது. மெட்டைத் தொடர்ந்து வாசியுங்கள்; தலைப்புக்குக் கீழே முதலில் அச்சான பெயரையும் ஆண்டையும் ஒரு வரி போடுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

அந்த வரியில் ஒரு பிழை எளிதாக நுழையும். அச்சான ஆண்டை மெட்டு பிறந்த ஆண்டாக எழுதிவிடுவோம். 1843-ல் டான் எம்மெட், பில்லி விட்லாக் முதலிய நால்வர் ‘வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ்’ என்ற கரிபூசிய குழுவாக நியூயார்க்கில் மேடையேறினார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே, சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி, கட்டைவிரலுக்கென்று குட்டைத் தந்தி வைத்த பாஞ்சோவை அடிமைப்பட்டிருந்த ஆப்பிரிக்க வம்சத்தினர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே ‘ஓல்ட் டான் டக்கர்’ போன்ற பழைய பாட்டுத் தாளில் எம்மெட் பெயர் இருந்தால், ‘1843 அச்சில் எம்மெட் பெயரில்’ என்று எழுதுங்கள். ‘இயற்றியவர்’ என்று உறுதி சொல்ல அந்தத் தாள் போதாது. எல்லா மெட்டுக்கும் ‘கரிபூசிய மேடையில் வந்தது’ என்ற முத்திரையைக் குத்தவும் வேண்டாம். ‘சோல்ஜர்ஸ் ஜாய்’ 18-ஆம் நூற்றாண்டிலேயே பிரிட்டனில் வழங்கிய மெட்டு.

பெயர் எப்படித் திரியும் என்பதற்கு ‘ஏஞ்சலின் தி பேக்கர்’ மெட்டு போதும். பாடலாசிரியர் ஸ்டீஃபன் ஃபாஸ்டர் 1850-ல் வெளியிட்ட பாட்டின் பெயர் ‘ஏஞ்சலினா பேக்கர்’. அங்கே பேக்கர் என்பது அவள் குடும்பப் பெயர். வாய்வழியாக வந்ததில் அவள் ரொட்டி சுடுகிறவள் ஆகிவிட்டாள். மெட்டும் மாறியிருக்கிறது, இரண்டையும் அடுத்தடுத்து அச்சிட்டால் மாணவர் தாமே கண்டுகொள்வார்.

பயிற்சி வகுப்புகளுக்கு ஒன்று. தாமஸ் பிரிக்ஸின் 1855-ஆம் ஆண்டுப் பாஞ்சோ பாடநூலை இன்றைய பாஞ்சோவில் வாசிக்கும் பலர் வழக்கமான ஜி சுருதியிலேயே (விரல் வைக்காத தந்திகள் ஜி மேஜர் கோர்வையாக ஒலிக்கும் அமைப்பு) தொடங்குகிறார்கள். அப்போது நான்காம் தந்தியில் வரும் ஒவ்வொரு சுரமும் ஒரு முழுச் சுரம் ஏறி ஒலிக்கும். அந்த ஒரு தந்தியை மட்டும் டி-யிலிருந்து சி-க்கு இறக்குங்கள். நூலின் விரலமைப்பு அப்படியே பொருந்தும். ஒலி நூலில் உள்ளதைவிட ஐந்து அரைச்சுரம் மேலே இருக்கும், அவ்வளவே. அதைச் சரிசெய்ய உலோகத் தந்திகள் எல்லாவற்றையும் தளர்த்தினால் தொய்ந்து இரையும். நைலான் தந்தி மாட்டியபின் இறக்கலாம். ஆட்காட்டி விரல் நகத்தால் கீழ்நோக்கி அடித்து, குட்டைத் தந்தியைக் கட்டைவிரலால் மீட்டும் முறையைத்தான் அந்த நூல் கற்பிக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் செனகாம்பியாவின் (செனகல், காம்பியா பகுதி) ஜோலா மக்கள், பாஞ்சோவைப் போன்ற தங்கள் சுரைக்குடுக்கை வாத்தியமான அகொந்திங்கை இன்றும் இப்படித்தான் வாசிக்கிறார்கள். வகுப்பில் முதலில் அகொந்திங் பதிவு ஒன்றைக் கேட்கச் செய்துவிட்டு, பிறகு நூலைத் திறக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய பாணி ஃபிடிலும் பாஞ்சோவும் வாசிப்போர் சிலர்