குந்தா வட்டத் தாய்மார்களுக்குப் பயிற்சி பெற்ற தாய்ப்பால் ஆலோசகர் வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்:
மஞ்சூர், மேல்குந்தா, கிண்ணக்கொரை சுற்றுவட்டாரத் தாய்மார்களும் குடும்பத்தினரும்,
குந்தா வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், உதகமண்டலம்.

பொருள்: பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு வீடு திரும்பிய முதல் இரு வாரங்களில் தாய்ப்பால் ஊட்டுதலில் தேர்ந்தவரின் நேரடி உதவி கிடைக்கச் செய்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பகுதியில் பிரசவங்கள் இன்று பெரும்பாலும் மருத்துவமனையிலேயே நடக்கின்றன. தாய்சேய் நல ஊர்தி பச்சை உடம்புக்காரியையும் குழந்தையையும் கட்டணமின்றி ஊர்வரை கொண்டுவந்து விடுகிறது. இதற்கு நாங்கள் நன்றியுடையவர்கள். ஆனால் அந்த ஊர்தி திரும்பிச் சென்ற பிறகே எங்கள் சிரமம் தொடங்குகிறது. சுகப்பிரசவமானால் 48 மணி நேரம் கழித்துத் தாயை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சீம்பால் மாறிப் பால் நிறையச் சுரந்து மார்பு கனக்கத் தொடங்குவதோ இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். அதாவது, உதவி மிகவும் தேவைப்படும் வேளையில் தாய் மலைக்கிராமத்தில் இருக்கிறார், உதவக்கூடியவர்கள் தொலைவில் மருத்துவமனையில் இருக்கிறார்கள்.

அந்த நாட்களில் நடப்பதைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறோம். குழந்தை வாயை அகலத் திறந்து, மார்புக் காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தோடு சேர்த்துப் பற்றாமல் காம்பை மட்டும் பற்றினால், காம்பு வெடித்துப் புண்ணாகிறது. பால் முழுதாக இறங்காமல் மார்பில் கட்டிக்கொள்கிறது. சில தாய்மார்களுக்குக் காய்ச்சலும் வந்துவிடுகிறது. குழந்தை பசியில் அழ, "உனக்குப் பால் பத்தவில்லை" என்று வீட்டில் தீர்ப்பாகி, பால் பவுடர் டப்பாவும் புட்டியும் வருகின்றன. புட்டிக்குப் பழகிய குழந்தை மார்பில் குடிப்பது குறையக் குறைய, சுரப்பும் அதற்கேற்பக் குறைகிறது. தவறாகச் சொன்ன தீர்ப்பு சில நாட்களில் உண்மையாகவே ஆகிவிடுகிறது. உண்மையில், முதல் வாரம் கடந்த குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறதா, முதலில் சற்றுக் குறைந்த எடை இரண்டு வாரத்திற்குள் பிறந்த எடைக்குத் திரும்புகிறதா என்று பார்த்தாலே பால் போதுகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். அதை எடுத்துச் சொல்லவும், பால் கொடுக்கும்போது அருகில் அமர்ந்து பார்த்துக் குழந்தையை அணைத்திருக்கும் விதத்தைத் திருத்தவும்தான் ஆள் இல்லை.

தாய்ப்பாலின் சிறப்பைச் சொல்லும் சுவரொட்டிகளுக்கு இங்கே குறைவில்லை. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் பால் கொடுக்க வேண்டும், ஆறு மாதம்வரை தண்ணீர்கூட வேண்டாம் என்பதெல்லாம் எங்கள் பெண்களுக்கு மனப்பாடம். "தாய்ப்பால் கொடுங்கள்" என்று சொல்வது வேறு, வலியால் கண்ணீர் வடிக்கும் தாய்க்கு அதை எப்படிக் கொடுப்பது என்று காட்டித் தருவது வேறு. முன்னதை மட்டும் கேட்டுக் கேட்டு, கொடுக்க முடியாத தாய் தன்னையே குற்றவாளியாக எண்ணிக்கொள்கிறார். செவிலியர்களைக் குறைகூற இதை எழுதவில்லை. பிரசவ வார்டின் வேலைச் சுமையில் ஒரு தாயருகே அரைமணி நேரம் உட்காருவது அவர்களால் இயலாது என்பதை நேரில் கண்டிருக்கிறோம்.

குறைமாதக் குழந்தைகளின் நிலை இதைவிடக் கடினம். அறுவைச் சிகிச்சை முடிந்த தாய் ஒரு மருத்துவமனையிலும், குழந்தை கோவையில் வேறொரு மருத்துவமனையிலுமாகப் பிரிந்திருக்க நேர்கிறது. அந்த நாட்களில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலைப் பீய்ச்சி எடுத்தால்தான் சுரப்பு நிற்காமல் இருக்கும் என்பதைத் தாய்க்கு யாரும் சொல்வதில்லை. பீய்ச்சிய பாலைப் பாலாடையில் புகட்டுவதும், இந்தக் குளிரில் எடை குறைந்த பிள்ளையை மார்போடு அணைத்துச் சூடேற்றுவதும் கற்றுத்தந்தால் வரக்கூடியவையே.

ஆகவே, உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், பாலூட்டுதலுக்கென்றே பயிற்சி பெற்ற முழுநேர ஆலோசகர்களை நியமித்து, அவர்களில் ஒருவர் தடுப்பூசி போடும் புதன்கிழமைகளில் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து செல்ல ஏற்பாடு செய்யுமாறு வேண்டுகிறோம். அங்கே வர இயலாத முதல் வாரத் தாய்மார்கள் பேசுவதற்கு ஒரு தொலைபேசி எண்ணும் தேவை. கைப்பேசிச் சமிக்ஞை பல இடங்களில் கிடைக்காததால், அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஊரளவில் பணியாற்றும் சுகாதாரத் தன்னார்வலர்களான ஆஷா பணியாளர்கள் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீடு தேடி வரவேண்டும் என்ற ஏற்பாடு ஏற்கெனவே உள்ளது. இந்த வீட்டு வருகைகளுக்கெனப் புதிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. 3-ஆம், 7-ஆம் நாள் வருகைகளில் ஒருமுறை பால் கொடுப்பதை முழுதாகப் பார்ப்பது கட்டாயமாகி, அதற்கான செய்முறைப் பயிற்சியை ஆஷா பணியாளர்களுக்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்கும் அளித்தால் போதும். ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களில் மாமியாரும் பாட்டியும் சொல்வதே சட்டம் என்பதால், அந்த உரையாடல் படுக மொழியில் அவர்களையும் உட்காரவைத்து நடப்பது நல்லது. தேயிலைத் தோட்டங்களில் குடியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இந்தி தெரிந்த ஒருவர் வேண்டும்.

தோட்டங்களைப் பற்றி இன்னொன்று. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் பாலூட்ட இரண்டு இடைவேளைகள் தரவேண்டும் என்பது மகப்பேறு நலச் சட்டம் 1961-இலேயே எழுதப்பட்ட உரிமை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. பறித்த கொழுந்தின் எடையைப் பார்த்துக் கூலி கூடுகிற இடத்தில், பாலூட்டப் போய்வரும் தாய்க்கு அந்த நேரம் நட்டமாகவே முடிகிறது. தொழிலாளர் துறை அலுவலர்கள் தோட்ட ஆய்வின்போது இதையும் கேட்டறிய ஆணையிடுமாறு கோருகிறோம்.

இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் அறிவிப்புப் பலகை வாயிலாகத் தெரிவித்தால், கையொப்பமிட்ட அனைவருக்கும் போய்ச் சேரும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குந்தா வட்டத் தாய்மார்களும் குடும்பத்தினரும்

இடம்: மஞ்சூர்
இணைப்பு: கையொப்பப் பட்டியல்