பத்தாம் வசனத்தை ஏன் விட்டீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பற்றுறுதி, எதிர்நோக்கு பற்றி உங்கள் சென்ற இதழில் வந்த மறையுரைக் கட்டுரையை எங்கள் அன்பியக் (பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேரும் குழு) கூட்டத்தில் வாசித்தோம். நல்ல கட்டுரைதான். ஆனால் எரேமியா 29:11-ஐ எடுத்தவர் அதற்கு முந்தின வசனத்தை ஏன் விட்டுவிட்டார்? நல்ல எதிர்காலம் தருவேன் என்ற அந்த வாக்கு, பாபிலோனில் 70 ஆண்டுகள் முடிந்த பிறகுதான் என்று 10-ஆம் வசனம் சொல்கிறது. பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் எருசலேமை மறுபடி பார்த்திருக்கவே முடியாது. அவர்களுக்குத்தான் எரேமியா வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்று எழுதுகிறார். முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற இறைவாக்கினர் இரண்டே ஆண்டில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்கிறார். "ஆமென், ஆண்டவர் அப்படியே செய்யட்டும்" என்கிறார் எரேமியா. அவருக்கும் அந்த ஆசை இல்லாமலா? ஆனாலும் அது பொய் என்று பிறகு முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார்.

எங்கள் கரையில் அனனியாக்கள் அதிகம். இலங்கைக் கடற்படை பிடித்துப்போன மீனவரின் வீட்டுக்கு ஜெபிக்க வருகிறவர்கள், "இந்த வாய்தாவிலேயே வந்துருவாரு, விசுவாசிம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். காவல் நீட்டிப்பு என்று செய்தி வந்தால் குறை அந்தப் பெண்ணின் விசுவாசத்தில் என்று ஆகிவிடுகிறது. இது ஆறுதல் அல்ல, அவள் தலையில் இன்னொரு பாரம்.

திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தை வைத்து மறையுரை கேட்பது எங்கள் பக்கத்தில் அரிது. கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகப்படும் பவுலின் கப்பல் புயலில் சிக்கும் கதை அது. மறைக்கல்வி வகுப்பில் அதை வாசித்தால் பையன்கள் அசையாமல் கேட்கிறார்கள். வடகிழக்கிலிருந்து பேய்க்காற்று, பல நாள் சூரியனும் இல்லை, விண்மீனும் இல்லை. தப்புவோம் என்ற எண்ணமே அற்றுப்போனதை, இதை எழுதிய லூக்கா மறைக்கவில்லை, "எங்களுக்கு" என்று தன்னையும் சேர்த்தே எழுதுகிறார். பதினான்காம் இரவில் ஆழம் பார்க்கிறார்கள்: 20 பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி), கொஞ்சம் தள்ளி 15 பாகம். ஆழம் குறைந்தால் கரை கிட்டத்தில் என்று எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். பின்பக்கம் நான்கு நங்கூரம் போட்டுவிட்டு விடியலுக்கு ஏங்குகிறார்கள்.

அப்போது கப்பலாட்கள் சிலர், அணியத்தில் (கப்பலின் முன்பக்கத்தில்) நங்கூரம் போடுவதுபோல் பாவனை காட்டிச் சின்னப் படகை இறக்கித் தப்பப் பார்க்கிறார்கள். இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் யாரும் தப்ப முடியாது என்கிறார் பவுல். படைவீரர்கள் படகின் கயிற்றை அறுத்துவிடுகிறார்கள். பற்றுறுதியைக் கடற்கரை ஊரில் விளக்க இதைவிட வேறு இடம் வேண்டுமா? தொழில் தெரிந்தவன் தெரியாதவர்களை விட்டுவிட்டு நழுவக்கூடாது. அடுத்து பவுல் செய்வது, எல்லாரையும் சாப்பிடச் சொல்வது. 276 பேர் சாப்பிடுகிறார்கள்.

அவர் கொடுத்த வாக்கையும் பாருங்கள். உயிர்ச்சேதம் இராது, கப்பல் மட்டும் போகும். அப்படியே நடக்கிறது, நீந்தத் தெரிந்தவர் நீந்தியும் மற்றவர் பலகையைப் பிடித்தும் கரை சேர்கிறார்கள். எங்கள் ஆட்களும் இப்படித்தான் வருகிறார்கள். மனிதர் விடுதலையாகி விமானத்தில் சென்னை வந்து இறங்குகிறார். விசைப்படகு அக்கரையில் கிடந்து மக்குகிறது, அதற்கு வாங்கிய கடனுக்கு வட்டி இக்கரையில் ஓடுகிறது. "ஆள் வந்துட்டார்ல, ஸ்தோத்திரம்" என்று ஜெபம் அதோடு முடிந்துபோகிறது. கப்பல் போன பிறகு என்ன என்பதற்கும் அடுத்த அதிகாரத்தில் பதில் இருக்கிறது: மால்தாவின் மக்கள் மழையிலும் குளிரிலும் நெருப்பு மூட்டி எல்லாரையும் வரவேற்றார்கள். பங்கில் ஒரு வட்டியில்லாக் கடன் நிதி வைத்தால் அதுவும் மறையுரைதான் என்பது என் கட்சி.

ஓரியூரில், அங்கே மறைசாட்சியாக இறந்த போர்த்துகீசியக் குரு அருளானந்தரின் புதுமைகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம். 1686-இல் சித்திரவதைப்பட்டு, மறவர் நாட்டில் (இன்றைய ராமநாதபுரம் பக்கம்) போதிக்கக்கூடாது என்று விரட்டப்பட்டவர், போர்த்துகல் வரை போனவர், மறுபடி இங்கேயே வந்தார். 1693 பிப்ரவரி 4-இல் தலை வெட்டப்பட்டது. அவருக்கு யாரும் "ஒன்றும் ஆகாது" என்று வாக்குக் கொடுத்திருக்கவில்லை.

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-இல் முடிகிறது. படகுகள் இறங்குவதற்கு முந்தின ஞாயிறு இதழில் இந்த 27-ஆம் அதிகாரத்துக்கு, ஒரு வசனமும் விடாமல், ஒரு மறையுரைக் குறிப்பு வெளியிட வேண்டுகிறேன். எழுதுகிறவர் அதற்கு முன் ஒருநாள் பாம்பன் கரைக்கு வந்து போனால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியை ஒருவர்,
தங்கச்சிமடம்